ஹெல்சிங்கி – டோக்கியோ வான்வழி

ஹெல்சிங்கி – டோக்கியோ வான்வழி என்பது பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியையும் ஜப்பானின் தலைநகரான டோக்கியோவையும் இணைக்கும் நீண்டதூர விமானப் பாதை ஆகும். இவ்விரு நகரங்களுக்கும் இடையிலான மிகக் குறுகிய தொலைவு சுமார் 7,800 கிலோமீட்டர் ஆகும். பெப்ரவரி 2022 வரை, இடையில் எங்கும் தரையிறங்காத விமானம் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவை ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரத்தில் அடைந்தது. மார்ச் 2022 முதல் அதே பயணத்துக்கு ஏறத்தாழ 13 மணி நேரம் தேவைப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் விமானங்களின் வேகம் குறையவில்லை. இரு நகரங்களுக்கும் நடுவே பரந்து கிடக்கும் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டதே இம்மாற்றத்துக்குக் காரணமாகும்.

ஒரு வான்வழியின் பயண நேரத்தைத் தொலைவும் வேகமும் மட்டுமே முடிவு செய்வதில்லை. கீழேயுள்ள நாடுகளின் அனுமதியும் அதனை முடிவு செய்கின்றது. இதனைக் காட்ட இவ்வான்வழியைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுகள் குறைவு. பின்லாந்தின் விமான நிறுவனமான பின்னேர் தன் நீண்டதூர வணிகத்தின் பெரும்பகுதியை அந்த அனுமதியின் மீதே கட்டியெழுப்பியிருந்தது.

தொலைவைக் கணக்கிடல்

புவி ஏறத்தாழக் கோள வடிவினது. ஆகவே அதன் மேற்பரப்பில் இரு இடங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி, அவ்விரு இடங்களின் வழியாகவும் செல்லும் பெருவட்டத்தின் வில்லாகும். ஹெல்சிங்கி 60 பாகை வட அகலாங்கிலும், டோக்கியோ 36 பாகைக்குச் சற்றுக் குறைவான வட அகலாங்கிலும் உள்ளன. சாதாரணச் சுவர் நிலப்படத்தில் இரண்டையும் நேர்கோட்டால் இணைத்தால், அக்கோடு தென்கிழக்காகச் சரிந்து நடு ஆசியாவின் வடபகுதி வழியே செல்லும். பெருவட்டப் பாதையோ ஹெல்சிங்கியிலிருந்து வடகிழக்காகப் புறப்படுகின்றது. அது 67 பாகை வட அகலாங்கை எட்டி, ஆர்க்டிக் வட்டத்தைச் சற்றே தாண்டி, அதன் பின்னரே தெற்கு நோக்கித் திரும்புகின்றது. இப்பாதையின் முக்கால் பங்கிற்கும் மேலான பகுதி ரஷ்யாவின் மேலாகவே அமைந்துள்ளது.

இலண்டனிலிருந்து டோக்கியோவுக்கு நேரடித் தொலைவு சுமார் 9,600 கிமீ. இலண்டனிலிருந்து ஹெல்சிங்கிக்குச் சுமார் 1,850 கிமீ. அங்கிருந்து டோக்கியோவுக்குச் சுமார் 7,800 கிமீ. இரண்டையும் கூட்டினால் நேரடித் தொலைவை ஒட்டியே வருகின்றது. அதாவது, மேற்கு ஐரோப்பாவிலிருந்து கிழக்காசியா செல்லும் பயணி ஹெல்சிங்கியில் விமானம் மாறினாலும் வழி ஏதும் சுற்றியதாகாது. ஐரோப்பாவின் ஒரு மூலையில், ஏறத்தாழ ஐம்பத்தைந்து இலட்சம் மக்களை மட்டுமே கொண்ட நாடு, பெரிய நாடுகளின் விமான நிறுவனங்களுடன் ஆசியப் பாதைகளில் போட்டியிட முடிந்ததன் அடிப்படை இந்த எளிய கூட்டல் கணக்கே.

வான்வெளியும் அனுமதியும்

1944 ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கையின் முதலாவது பிரிவு, ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் நிலப்பரப்பின் மேலுள்ள வான்வெளியில் முழுமையான, தனித்த இறைமை உண்டு என்கின்றது. கடலில் பன்னாட்டுக் கப்பல்களுக்கு உள்ளதைப் போன்ற இயல்பான கடப்புரிமை வான்வெளியில் இல்லை. அதே ஆண்டில் உருவான வான்வழிக் கடப்பு உடன்பாடு, உறுப்பு நாடுகள் தமக்குள் தரையிறங்காது கடந்து செல்லும் உரிமையை வழங்கிக்கொள்ள வழி செய்தது. இந்தியா உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இணைந்துள்ளன. உலகின் மிகப் பரந்த நிலப்பரப்பைக் கொண்ட ரஷ்யா அதில் இணையவில்லை. அதற்கு முன்பு சோவியத் ஒன்றியமும் இணைந்திருக்கவில்லை. எனவே சைபீரியாவைக் கடப்பது என்பது ஒவ்வொரு நாடும் தனித்தனியே பேசிப் பெறவேண்டிய ஒன்றாகவே இருந்து வந்துள்ளது.

பனிப்போர்க் காலப் பாதைகள்

பனிப்போர்க் காலத்தில் மேற்கு நாடுகளின் விமானங்களுக்குச் சைபீரியா பெரும்பாலும் மூடியே இருந்தது. ஐரோப்பாவிலிருந்து ஜப்பான் செல்ல விரும்பியவர்கள் மத்திய கிழக்கு, இந்தியா, தென்கிழக்காசியா எனப் பல இடங்களில் தரையிறங்கிச் செல்ல வேண்டியிருந்தது. அப்பயணம் இரண்டு நாட்களுக்கு மேல் நீண்டது. பெப்ரவரி 24, 1957 அன்று ஸ்காண்டிநேவிய விமான நிறுவனம் கோபனாவன் நகரிலிருந்து அலாஸ்காவின் ஆங்கரேஜ் வழியாக டோக்கியோவுக்குத் துருவப் பாதையைத் தொடங்கியது. பயணம் ஏறத்தாழ 32 மணி நேரமாகக் குறைந்தது.

இதன் பின்னர் ஆங்கரேஜ், ஐரோப்பாவுக்கும் கிழக்காசியாவுக்கும் இடையிலான முக்கிய எரிபொருள் நிரப்பிடமாகியது. பயணிகள் இறங்கி ஓரிரு மணி நேரம் நடமாடிவிட்டு மீண்டும் ஏறுவர். அவ்விமான நிலையத்தில் இருந்த ஜப்பானிய நூடுல்ஸ் கடையை அக்காலத்தில் பயணம் செய்த ஜப்பானியர்கள் இன்றும் நினைவுகூர்வதுண்டு. சோவியத் ஒன்றியம் 1970 முதல் மாஸ்கோவில் தரையிறங்கிச் செல்லும் முறையில் சில நிறுவனங்களுக்கு மட்டும் சைபீரியப் பாதையைத் திறந்தது.

வழி தவறுவதன் விலை பெரிதாக இருந்தது. ஏப்ரல் 20, 1978 அன்று பாரிசிலிருந்து ஆங்கரேஜ் நோக்கிச் சென்ற கொரிய விமானம் 902 திசைகாட்டும் பிழையால் திரும்பி, மூர்மன்ஸ்க் அருகே சோவியத் வான்வெளிக்குள் நுழைந்தது. போர் விமானம் சுட்டதில் இருவர் இறந்தனர். விமானம் உறைந்த ஏரி ஒன்றின் மீது இறங்கியது. செப்டம்பர் 1, 1983 அன்று ஆங்கரேஜிலிருந்து சியோல் சென்ற கொரிய விமானம் 007 சக்காலின் தீவுக்கு அருகே சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 269 பேரும் உயிரிழந்தனர். அமெரிக்காவின் புவியிடங்காட்டிச் செய்மதி அமைப்பு முழுமை பெற்றதும் பொதுமக்களின் பயன்பாட்டுக்கும் திறக்கப்படும் என்ற அறிவிப்பு இந்நிகழ்வைத் தொடர்ந்தே வெளியானது.

அதே ஆண்டு, ஏப்ரல் 22, 1983 அன்று, பின்னேர் ஹெல்சிங்கி – டோக்கியோ பாதையில் இடைநில்லாச் சேவையைத் தொடங்கியது. மேற்கு ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்கு எங்கும் இறங்காமல் பறந்த முதல் நிறுவனம் இதுவேயாகும். கூடுதல் எரிபொருள் தொட்டி பொருத்தப்பட்ட, மூன்று பொறிகளைக் கொண்ட டிசி-10 விமானம் இதற்குப் பயன்பட்டது. அது நார்வேக்கும் சுவால்பார்டு தீவுகளுக்கும் மேலாக வட துருவத்தை நோக்கிச் சென்று, பின்னர் பெரிங் நீரிணை வழியாகப் பசிபிக் பெருங்கடலில் இறங்கியது. சோவியத் நிலப்பரப்பை முற்றாகத் தவிர்த்த இப்பயணத்துக்கு எடுத்த நேரம் ஏறத்தாழ 13 மணி. நாற்பது ஆண்டுகள் கழித்து அதே நிறுவனம் அதே நகருக்கு ஏறத்தாழ அதே வழியில், அதே நேரத்தைச் செலவிட்டுப் பறக்க நேர்ந்தது.

சைபீரியப் பாதையும் கட்டணமும்

1980களின் பிற்பகுதியிலும் சோவியத் ஒன்றியம் கலைந்த பின்னரும் சைபீரியப் பாதை படிப்படியாகத் திறக்கப்பட்டது. ஆங்கரேஜில் பயணிகள் விமானங்களின் நடமாட்டம் வெகுவாகக் குறைந்தது. சரக்கு விமானங்களே அந்நிலையத்தைப் பின்னர் தாங்கின. ஆனால் ரஷ்யப் பாதை இலவசமாகக் கிடைக்கவில்லை. வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்கான வழக்கமான கட்டணத்துக்கு மேலாக, ரஷ்ய நிறுவனமான ஏரோஃபுளொட்டுக்கும் வெளிநாட்டு விமான நிறுவனங்கள் பணம் செலுத்த வேண்டியிருந்தது. இத்தொகை ஆண்டுக்குப் பல நூறு மில்லியன் டாலர் எனக் கணக்கிடப்பட்டது. போட்டியாளருக்கே கப்பம் கட்டும் இம்முறையை நீக்குவதற்கான கொள்கை இணக்கம் நவம்பர் 2006 இல் ஹெல்சிங்கியில் நடைபெற்ற ஐரோப்பிய ஒன்றிய – ரஷ்ய உச்சி மாநாட்டில் எட்டப்பட்டது. எனினும் அது முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. கட்டணம் கசப்பானதாக இருந்தாலும், அதைச் செலுத்திச் சைபீரியாவைக் கடப்பது சுற்றிச் செல்வதைவிட மலிவாகவே இருந்தது. ஐரோப்பிய நிறுவனங்கள் முறையிட்டபடியே தொடர்ந்து பணம் செலுத்தியதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இருபத்து நான்கு மணி நேரச் சுழற்சி

பின்னேரின் ஆசியச் சேவை பயணிகளின் நேரத்தை மிச்சப்படுத்தியதோடு விமானங்களின் நேரத்தையும் மிச்சப்படுத்தியது. பலரும் கவனிக்கத் தவறும் பகுதி இதுவாகும். மாலை 5 மணிக்கு ஹெல்சிங்கியிலிருந்து புறப்படும் விமானம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எல்லா நேரத்தையும் ஹெல்சிங்கிக் கடிகாரத்தின்படியே குறித்தால், அது பின்னிரவு 2.30 மணிக்கு டோக்கியோவில் இறங்கும். ஒன்றரை மணி நேரத்தில் துப்புரவு, எரிபொருள் நிரப்பல், பயணிகள் ஏற்றம் ஆகியவை முடிந்தால் 4 மணிக்குத் திரும்பிப் புறப்படலாம். திரும்பும் பயணம் எதிர்க்காற்றினால் சற்று நீண்டு 10 மணி நேரம் எடுத்தாலும், பிற்பகல் 2 மணிக்கு ஹெல்சிங்கியை அடைந்துவிடும். அன்று மாலை 5 மணிக்கு மீண்டும் டோக்கியோ செல்ல அதே விமானம் ஆயத்தமாக நிற்கும். ஒரே விமானத்தைக் கொண்டு நாள்தோறும் சேவை நடத்த முடிந்தது. நடுவிலுள்ள மூன்று மணி நேர இடைவெளியில், ஆசியாவிலிருந்து வந்தோர் ஐரோப்பிய நகரங்களுக்கும், ஐரோப்பிய நகரங்களிலிருந்து வந்தோர் ஆசியாவுக்கும் மாறிக்கொண்டனர்.

இப்போது பயணத்தை இரு திசைகளிலும் 13 மணி நேரமாக்கிப் பார்க்கலாம். மாலை 5 மணிக்குப் புறப்பட்டது காலை 6 மணிக்கு இறங்கும், 7.30க்குத் திரும்பிப் புறப்பட்டு இரவு 8.30க்கே ஹெல்சிங்கியை அடையும். மாலை 5 மணி விமானம் மூன்றரை மணி நேரத்துக்கு முன்பே சென்றிருக்க வேண்டும். ஆகவே அதே நாள்தோறும் சேவைக்கு இரண்டாவது விமானம் ஒன்று வேண்டும். பல நூறு மில்லியன் டாலர் வரை பட்டியல் விலை கொண்ட விமானம் ஒன்றைக் கூடுதலாக ஈடுபடுத்தியும் விற்கக்கூடிய இருக்கைகளின் எண்ணிக்கை கூடுவதில்லை. விமானிகளுக்கும் ஓய்வு விதிகள் உள்ளதால் ஒரு பயணத்துக்குத் தேவைப்படும் பணியாளர் எண்ணிக்கையும் உயர்கின்றது.

டோக்கியோவின் கடிகாரத்திலும் இழப்பு தெரியும். குளிர்காலத்தில் டோக்கியோ ஹெல்சிங்கியைவிட ஏழு மணி நேரம் முன்னால் உள்ளது. பழைய பாதையில் வந்தவர் உள்ளூர் நேரம் காலை 9.30க்கு இறங்கினார், புதிய பாதையில் வருபவர் பிற்பகல் 1 மணிக்கு இறங்குகின்றார். வணிக அலுவலாகச் செல்பவருக்கு இது ஏறத்தாழ அரை நாள் இழப்பாகும்.

இந்த வாய்ப்பை நம்பியே ஹெல்சிங்கி-வந்தா விமான நிலையம் விரிவாக்கப்பட்டது. 2013 இல் தொடங்கிய அத்திட்டத்தின் செலவு சுமார் 100 கோடி யூரோ. வழிகாட்டிப் பலகைகளில் ஜப்பானிய, சீன எழுத்துகளும் இடம்பெற்றன. புதிய புறப்பாட்டு, வருகை மண்டபம் டிசம்பர் 2021 இல் திறக்கப்பட்டது. மூன்று மாதங்கள் கூட நிறையவில்லை.

2022 தடையும் புதிய பாதைகளும்

பெப்ரவரி 24, 2022 அன்று ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. பெப்ரவரி 27 அன்று ஐரோப்பிய ஒன்றியம் தன் வான்வெளியை ரஷ்ய விமானங்களுக்கு மூடுவதாக அறிவித்தது. மறுநாள் ரஷ்யா பின்லாந்து உட்பட 36 நாடுகளின் விமான நிறுவனங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. பின்னேர் தன் ஆசியச் சேவைகள் பலவற்றை நிறுத்தியது. மார்ச் 9 அன்று டோக்கியோச் சேவை, வாரத்துக்குச் சில பயணங்களாக, மீண்டும் தொடங்கியது.

இதற்கு இரு வழிகள் இருந்தன. முதலாவது துருவப் பாதை. ஹெல்சிங்கியிலிருந்து துருவத்துக்கும், அங்கிருந்து பெரிங் நீரிணைக்கும், அங்கிருந்து டோக்கியோவுக்கும் பெருவட்ட வில்களை வரைந்து கூட்டினாலே சுமார் 10,700 கிமீ வருகின்றது. சுக்கோட்கா, கம்சாத்கா ஆகிய ரஷ்யப் பகுதிகளை விலக்கி அலாஸ்கா பக்கமாக வளைந்து செல்ல வேண்டியிருப்பதால் உண்மையான தொலைவு இதனினும் கூடுதலாகும். இரண்டாவது தென்பாதை. இது கருங்கடல், காக்கேசியா, காசுப்பியன் கடல், கசக்கஸ்தான், சீனா, கொரியா எனச் செல்கின்றது. மேல்வான் காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுவதால், அன்றாடக் காற்றின் நிலையைப் பார்த்தே திரும்பும் பயணத்துக்குப் பாதை தெரிவு செய்யப்பட்டது. துருவத்தின் மேலாகச் சென்ற பயணிகளுக்குப் பின்னேர் சான்றிதழ் வழங்கியது. மூன்றரை மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்தவர்களுக்கு அது ஓர் ஆறுதல் பரிசு எனலாம்.

துருவப் பாதையில் நேரத்தைத் தவிர வேறு சில சிக்கல்களும் உள்ளன. இரட்டைப் பொறி விமானம் ஒன்று, ஒரு பொறி நின்றுபோனாலும் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏதேனும் ஒரு விமான நிலையத்தை அடையக்கூடிய எல்லைக்குள்ளேயே பறக்க வேண்டும் என்பது விதி. ஆர்க்டிக் பெருங்கடலின் மேல் அத்தகைய நிலையங்கள் மிகக் குறைவு. 1983 இல் மூன்று பொறி விமானத்துக்கு இவ்வரம்பு இல்லை. பின்னேர் பயன்படுத்தும் ஏர்பஸ் ஏ350-900 வகை, 2014 இல் 370 நிமிடம் வரையிலான எல்லைக்குச் சான்று பெற்றது. பழைய இரட்டைப் பொறி விமானங்களால் இப்பாதை எளிதில் இயன்றிருக்காது. மேலும், விமான எரிபொருள் மறை 47 பாகை செல்சியசு அளவில் உறையத் தொடங்கும் என்பதால் தொட்டியின் வெப்பநிலையைக் கண்காணிக்க வேண்டும். காந்தத் திசைகாட்டி துருவத்தருகே பயனற்றுப் போகும். நிலநடுக்கோட்டின் மேல் நிற்கும் தொலைத்தொடர்புச் செய்மதிகள் அங்கு அடிவானத்துக்குக் கீழே மறைந்துவிடும்.

செலவும் போட்டியும்

ஏ350 வகை விமானம் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 6 டன் எரிபொருளை எரிக்கும் எனக் கொண்டால், மூன்றரை மணி நேரக் கூடுதல் பறப்புக்குச் சுமார் 20 டன் தேவை. ஒரு டன் எரிபொருள் எரியும்போது 3 டன்னுக்குச் சற்று மேலாகக் கரியமில வாயு வெளியாகின்றது. ஆக, ஒருவழிப் பயணம் ஒவ்வொன்றும் 60 டன் அளவு கூடுதல் வாயுவை வெளியிடுகின்றது. கூடுதல் எரிபொருளைச் சுமப்பதற்கே மேலும் எரிபொருள் செலவாவதாலும், புறப்படும் எடைக்கு உச்சவரம்பு இருப்பதாலும், சரக்கின் அளவைக் குறைக்க நேரிடுகின்றது.

தடை எல்லோர் மீதும் சமமாக விழவில்லை. சீன நிறுவனங்கள் தொடர்ந்து சைபீரியாவின் மேலாகப் பறந்து, ஐரோப்பிய நகரங்களுக்குக் குறைந்த நேரத்தில் சென்றன. இதற்கு ஈடுகொடுக்க இயலாமல் 2024 அக்டோபரில் பிரித்தானிய ஏர்வேசு இலண்டன் – பீஜிங் சேவையையும், வர்ஜின் அட்லாண்டிக் சாங்காய்ச் சேவையையும், லுஃப்தான்சா பிராங்க்பேர்ட் – பீஜிங் சேவையையும் நிறுத்தின. ஜப்பானிய நிறுவனங்களும் ரஷ்யாவைத் தவிர்த்ததால் டோக்கியோப் பாதையில் பின்னேரின் நிலை சற்று மேம்பட்டது. அங்கு அனைவரும் சுற்றியே சென்றனர். ஆயினும் ஹெல்சிங்கியின் புவியியல் நன்மை மறைந்துவிட்டது. தென்பாதைக்கு இசுதான்புல், தோகா, துபாய் ஆகியவையே இயல்பான சந்திப்புகளாகும்.

பின்னேர் தன் நீண்டதூர விமானங்களை டல்லாஸ், சியாட்டில் முதலிய அமெரிக்க நகரங்களுக்குத் திருப்பியது. கட்டார் ஏர்வேசுடன் இணைந்து தோகாவுக்குச் சேவைகளைத் தொடங்கியது. சில ஏ330 விமானங்களை ஆஸ்திரேலியாவின் குவாண்டாசுக்குக் குத்தகைக்கு விட்டது. 2023 இல் நிறுவனம் மீண்டும் இலாபம் கண்டது. ஒசாக்காச் சேவை 2023 இலும் நகோயாச் சேவை 2024 இலும் திரும்பின.

இந்தியப் பாதைகளில் ஒத்த நிலை

இந்தியா ரஷ்யத் தடைக்கு உட்படாததால் ஏர் இந்தியாவின் தில்லி – சான் பிரான்சிஸ்கோ விமானங்கள் ரஷ்யாவின் மேலாகவே சென்றன. அதற்கும் ஒரு விலை இருந்தது. ஜூன் 6, 2023 அன்று அத்தகைய விமானம் ஒன்று பொறிக் கோளாறு காரணமாக ரஷ்யத் தூரகிழக்கிலுள்ள மகதானில் இறங்கியது. 216 பயணிகளும் 16 பணியாளர்களும் மாற்று விமானம் வரும்வரை அச்சிறு நகரில் தங்க நேர்ந்தது. ஏப்ரல் 24, 2025 அன்று பாக்கிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது ஏர் இந்தியாவும் ஏறத்தாழப் பின்னேரின் நிலைக்கே வந்தது. மேற்கே செல்லும் பயணங்கள் நீண்டன. வட அமெரிக்காவுக்கான சில விமானங்கள் வியன்னா, கோபனாவன் போன்ற இடங்களில் எரிபொருளுக்காக இறங்கின. தில்லி – வாசிங்டன் சேவை செப்டம்பர் 2025 இல் நிறுத்தப்பட்டது.

மீளத் திறப்பதில் உள்ள தடைகள்

போர் நிறுத்தம் ஏற்பட்டாலும் சைபீரியப் பாதை உடனடியாகத் திரும்பும் எனக் கொள்வதற்கில்லை. மேற்கத்தியக் குத்தகை நிறுவனங்களுக்குச் சொந்தமான நூற்றுக்கணக்கான விமானங்களை ரஷ்யா 2022 இல் தன் பதிவேட்டுக்கு மாற்றி வைத்துக்கொண்டது. அது தொடர்பான காப்புறுதி வழக்குகள் பல ஆண்டுகள் நீண்டன. வான்வெளியின் பாதுகாப்பும் ஐயத்துக்குரியதானது. டிசம்பர் 25, 2024 அன்று குரோசுனி நோக்கிச் சென்ற அசர்பைஜான் விமானம் ரஷ்ய வான்பாதுகாப்புத் தாக்குதலில் சேதமுற்று, கசக்கஸ்தானின் அக்தாவு அருகே விழுந்ததில் 38 பேர் இறந்தனர். பால்டிக் பகுதியில் செய்மதிக் குறிகைகள் குழப்பப்பட்டதால், பின்னேர் எஸ்தோனியாவின் தார்த்து நகருக்கான சேவையை 2024 ஏப்ரல் இறுதியிலிருந்து ஒரு மாதம் நிறுத்தி வைத்திருந்தது. தென்பாதையும் முற்றிலும் உறுதியானதன்று. ஜூன் 2025 இல் இஸ்ரேல் – ஈரான் மோதலின்போது ஈரான், ஈராக் வான்வெளிகள் மூடப்பட்டதால் காக்கேசிய ஒடுக்கப் பாதையில் நெரிசல் மிகுந்தது.

ஜனவரி 2025 இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் வான்பாதுகாப்பு முகமை, ரஷ்யாவில் 60 பாகை கிழக்கு நெட்டாங்குக்கு மேற்கேயுள்ள வான்வெளியை எந்த உயரத்திலும் பயன்படுத்த வேண்டாம் என, அங்கு இன்னும் பறந்துகொண்டிருந்த பிற நாட்டு நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. அக்கோடு ஊரல் மலைத்தொடரை ஒட்டிச் செல்கின்றது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கான பெருவட்டப் பாதையின் ரஷ்யப் பகுதி தொடங்குவது அக்கோட்டுக்கு மேற்கே, பின்லாந்தின் கிழக்கு எல்லையிலாகும்.